உழுகிறவன் கணக்குப் பார்க்கட்டும்

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. குடியானவர் வீட்டில் பிறந்து இதைக் கேளாமல் வளர்ந்த தமிழர் இருக்க முடியாது. விவசாயத்தின் நஷ்டத்தைச் சுட்டிக்காட்டப் பிறந்த இந்தச் சொல், நாளடைவில் கணக்கே எழுதாமல் இருப்பதற்கு ஒரு சமாதானமாகிவிட்டது. மிஞ்சாது என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு எழுதி என்ன பயன் என்று ஏட்டை மூடி வைப்பது வழக்கமாயிற்று. பண்ணையின் வரவு செலவையும் வேலைகளையும் பதிந்துவைக்கும் மென்பொருள்கள் கைப்பேசி வழியே வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்ட இக்காலத்தில், இந்தச் சமாதானம் இனியும் செல்லுமா என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டும்.

சித்தூருக்கு அருகே பாஹுதா நதிக்கரையில் உள்ள காணிப்பாக்கத்தின் பெயரிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. காணி என்பது நன்செய் நிலம், பாக்கம் என்பது நீர் பாய்வது என்று தல வரலாறு பொருள் சொல்கிறது. பழைய தமிழ் வாய்பாட்டில் காணி என்பது நில அளவு மட்டுமல்ல. எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னமும் அதுவே. நிலத்தை அளந்த சொல்லே கணக்கையும் அளந்திருக்கிறது. நிலம் வேறு, கணக்கு வேறு என்று முன்னோர் நினைக்கவில்லை.

அந்தத் தல வரலாறும் ஒரு குடும்பப் பண்ணையின் கதைதான். கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் ஆகிய மூன்று சகோதரர்கள் ஒரு காணி நிலத்தை ஏற்றம் இறைத்துச் சாகுபடி செய்து வந்தார்கள். கிணறு வற்றிப்போக, அதை ஆழப்படுத்தத் தோண்டியபோது வரசித்தி விநாயகர் சுயம்புவாக வெளிப்பட்டார் என்பது ஐதீகம். முதலாம் குலோத்துங்க சோழன் 11-ஆம் நூற்றாண்டில் கோயிலை எழுப்பினான் என்பர். ஒருவருடைய குறையை மற்றவர் ஈடு செய்து, கூலி கேளாமல் கூடி உழைப்பது: குடும்பப் பண்ணையின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். கூலி கேளாத உழைப்பு கணக்கிலும் ஏறுவதில்லை.

பிறர் எழுதும் ஏடுகள்

இன்று அந்த வட்டாரத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்கிறது? கொஞ்சம் மாந்தோப்பு, அதில் பெரும்பாலும் தோத்தாபுரி. ஒரு போர், அதன் தயவில் கொஞ்சம் கரும்போ நிலக்கடலையோ. கொல்லையில் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்கள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள சாகுபடிக் குடும்பங்களில் நூற்றுக்கு 86 சிறு, குறு விவசாயிகளே. சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர். இந்தக் குடும்பங்கள் கணக்கு எழுதாவிட்டாலும், இவர்களைப் பற்றிப் பிறர் எழுதும் கணக்குகளுக்குக் குறைவில்லை.

முன்பு கிராமத்துக் கர்ணம் அடங்கல் எழுதினார். 1984-ல் என்.டி.ராமராவ் அரசு கர்ணம் பதவியை ஒழித்தது. ஆனால் அடங்கல் ஒழியவில்லை. 2015-ல் தொடங்கிய 'மீ பூமி' இணையதளத்தில் அதே பெயரில் அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்பதை இ-கிராப் முறையில் அரசு ஊழியர்கள் பதிவு செய்கிறார்கள். பயிர் இன்ஷூரன்ஸுக்கும், இடுபொருள் மானியத்துக்கும், கொள்முதலுக்கும் அந்தப் பதிவே ஆதாரம். மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணின் பேரில் தடுப்பூசியும் சினை ஊசியும் மத்திய அரசின் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. பால் ஊற்றும் இடத்தில் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று இயந்திரமே சீட்டு தருகிறது. மாங்கூழ் ஆலையின் எடைமேடையிலும் ஒரு சீட்டு.

இத்தனை ஏடுகளிலும் விவசாயி இருக்கிறார். ஆனால் எந்த ஏடும் விவசாயியுடையதல்ல. அரசுக்குத் தேவையானதை அரசும், பால் பண்ணைக்குத் தேவையானதைப் பால் பண்ணையும், ஆலைக்குத் தேவையானதை ஆலையும் எழுதிக்கொள்கின்றன. இந்த மாமரம் இந்த ஆண்டு குடும்பத்துக்கு லாபமா, அந்தப் பசுவை வைத்திருப்பதா விற்பதா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல வேண்டிய ஒரே ஏடு எழுதப்படாமல் கிடக்கிறது.

அதன் விலை என்ன என்பதை 2025-ஆம் ஆண்டு மாம்பழப் பருவம் காட்டியது. முந்தைய ஆண்டின் கூழ் ஆலைகளில் தேங்கிக் கிடக்க, தோத்தாபுரி விலை சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு ரூ.12 கிடைக்கச் செய்வதாக அறிவித்தது. அதில் ரூ.8 ஆலை தர வேண்டும், ரூ.4 அரசு தரும் என்பது ஏற்பாடு. ஆலைகள் அந்த எட்டு ரூபாயைத் தரவில்லை என்ற குறை பல இடங்களில் எழுந்தது. பழ லாரிகளும் டிராக்டர்களும் ஆலை வாசலில் வரிசையில் நின்றன.

இந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் உறுதியான பதில் வரவில்லை. ஒரு கிலோ தோத்தாபுரியை விளைவிக்க உண்மையில் என்ன செலவாகிறது? உழவுக்கு, மருந்துக்கு, காவலுக்கு, பறிப்புக் கூலிக்கு, வண்டி வாடகைக்கு இன்னின்ன தேதியில் இவ்வளவு என்று சில நூறு குடும்பங்களின் ஏடுகள் மேஜைமேல் இருந்திருந்தால், ரூ.8 போதும் என்று யாரும் எளிதில் சொல்லியிருக்க முடியாது. அல்லது, போதும் என்றால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். கணக்கு இல்லாதவன் கூச்சல் போடலாம், கெஞ்சலாம். பேரம் பேச முடியாது.

மென்பொருள் என்ன செய்யும்?

பண்ணை நிர்வாக மென்பொருள் என்று பெரிய பெயர் வைத்தாலும், அதன் வேலை எளியது. நாள்குறிப்பு, வரவு செலவு ஏடு, சுவர்க் காலண்டர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தது அது. எழுதியதைக் கூட்டிச் சொல்லும், மறந்ததை நினைவூட்டும், போன ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடும். இதற்கு மேல் அதனிடம் மந்திரம் எதுவுமில்லை.

ஆனால் நினைவூட்டல் ஒன்றே போதும் அதன் செலவை ஈடுகட்ட. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த 21 நாளும் தீவனம் வீண். பால் வற்றிய மாட்டுக்கு ஒரு நாள் தீவனம் ரூ.120 என்று வைத்துக்கொண்டால், ஒரு தவறுக்கு அபராதம் ரூ.2,520. சினை ஊசி போட்ட தேதியை மட்டும் பதிந்துவிட்டால், 21-ஆம் நாளில் மீண்டும் பருவம் வருகிறதா பார், 90-ஆம் நாளில் டாக்டரிடம் சினைப் பரிசோதனை செய், கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் கறப்பதை நிறுத்து என்று செயலியே சொல்லிவிடும். மூன்று மாட்டின் மூன்று தேதிகளை, நடவும் அறுவடையும் கல்யாணமும் காரியமும் வந்துபோகும் வீட்டில், ஒரு மனிதர் தலையில் வைத்திருப்பது கடினம்.

தீவனத்திலும் அப்படியே. தேசிய பால்வள வாரியம், சரிவிகிதத் தீவனத் திட்டம் ஒன்றை மென்பொருள் துணையோடு கிராமங்களில் நடத்தியிருக்கிறது. மாட்டின் எடை, கறவை, வீட்டில் உள்ள தீவனம், அவற்றின் விலை ஆகியவற்றைக் கொடுத்தால், தேவையான சத்து குறைந்த செலவில் கிடைக்கும் கலவையை அது சொல்லும். தவிடும் புண்ணாக்கும் அள்ளிப் போடுவது கறவையைக் கூட்டிவிடாது, செலவைத்தான் கூட்டும் என்பது பலருக்கு அப்போதுதான் புரிகிறது.

மாந்தோப்பில் மருந்து அடித்த தேதியும் மருந்தின் பெயரும் இன்று வியாபார விஷயம். வெளிநாடு போகும் பழத்திலும் கூழிலும் மருந்து எச்சம் சோதிக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஐரோப்பாவில் இதே சிக்கல் வந்தபோது, 2006-ல் அபெடா அமைப்பு 'கிரேப்நெட்' என்ற கம்ப்யூட்டர் பதிவு முறையைக் கொண்டுவந்தது. தோட்டத்துக்கு ஓர் எண், அதன் பெயரில் பதிவு. பெட்டியில் உள்ள பழம் எந்தத் தோட்டத்தது என்று கண்டுபிடிக்க முடிந்தது. எழுதிவைத்த தோட்டத்தின் பழத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அது நிரூபித்தது.

ஆந்திரத்திலேயே மற்றொரு முன்மாதிரி உண்டு. 2016-ல் கர்னூல் மாவட்டத்தில் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் மைக்ரோசாஃப்ட் கம்பெனியும் மாநில அரசுடன் சேர்ந்து, நிலக்கடலையை எந்த வாரத்தில் விதைக்கலாம் என்பதை 175 விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பின. விளைச்சல் 30 சதவீதம் வரை கூடியதாக அறிவித்தன. இதில் கவனிக்க வேண்டியது கம்ப்யூட்டரின் சாமர்த்தியத்தை அல்ல. செய்தி தெலுங்கில் வந்தது, சாதாரணக் கைப்பேசிக்கு வந்தது, ஒரே ஒரு பயனுள்ள வார்த்தையாக வந்தது. விவசாயி அதைப் பின்பற்ற முடிந்ததற்குக் காரணம் அதுவே.

எழுதப்படாத உழைப்பு

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. விவசாய விளைபொருள் விலையைப் பரிந்துரைக்கும் மத்திய கமிஷன், செலவைக் கணக்கிடும்போது கையிலிருந்து போன பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. குடும்பத்தார் கூலியில்லாமல் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை இந்தக் கூட்டுத்தொகையைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது என்பது 2018-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கொள்கை. நிலக்கடலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாம்பழமும் பாலும் இல்லை. ஆகவே குடும்ப உழைப்பின் மதிப்பை டில்லி கணக்கிடுகிறது. உழைக்கும் குடும்பம்தான் கணக்கிடுவதில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். இரண்டு பசுக்கள் சேர்ந்து நாளுக்கு 16 லிட்டர் பால். லிட்டர் ரூ.35 என்றால் வரவு ரூ.560. தீவனம், மருந்து முதலியவற்றுக்கு ரூ.380 போக மிச்சம் ரூ.180. இதுவரை பெரும்பாலான வீடுகளில் வாய்க்கணக்காகவே தெரியும். மாமியாரும் மருமகளும் புல் அறுத்து, சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, பால் கறந்து, கொண்டுபோய் ஊற்ற நாளுக்கு 5 மணி நேரம் ஆகிறது என்பதைச் சேர்த்து எழுதினால்தான், மணிக்கு ரூ.36 கிடைக்கிறது என்ற உண்மை வெளிவரும். இது தெரிந்தால் வீட்டின் பேச்சே மாறும். புல் நறுக்கும் மெஷின் ஒன்று வாங்கி வேலையை 3 மணி நேரமாகக் குறைத்தால், அதே ரூ.180 மணிக்கு ரூ.60 ஆகிறது. பால் விலை ஒரு காசு ஏறாமலே அந்தப் பெண்களின் நிலை உயர்கிறது. மெஷின் வீண் செலவா அவசியமா என்பதை முடிவு செய்ய இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு 2014-ல் தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பெண்களே உறுப்பினர், பெண்களே பங்குதாரர். பால் பணம் அவர்கள் பெயரில் வங்கிக்குப் போகிறது. வரவு பெண்ணின் பெயரில் வருகிற இடத்தில், ஏடும் பெண்ணின் கையில் இருப்பதே நியாயம். மாடு பருவத்துக்கு வந்ததையும், கறவை குறைந்ததையும், தீவனம் தீர்ந்ததையும் முதலில் அறிபவர் அவர்தாம். கைப்பேசி வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கும்வரை அந்தக் கணக்கு பாதிதான் உண்மையாக இருக்கும்.

மூன்று நிபந்தனைகள்

ஆகவே, கிடைத்த செயலியை எல்லாம் ஏற்றுக்கொள்வது அறிவுடைமையாகாது. மூன்று விஷயங்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலாவது மொழி. சித்தூர்த் தமிழ் வீட்டில் பாட்டி தமிழில் பேசுகிறார், பேரன் தெலுங்கில் படிக்கிறான், செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2018-ல் தொடங்கிய 'உழவன்' செயலி தமிழில் இருந்தாலும், அதன் திட்டங்களும் மானியங்களும் அந்த மாநிலத்துக்கு உரியவை. எல்லைக்கு இப்பால் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு ஆந்திரத்தின் திட்டமும் தமிழ் எழுத்தும் சேர்ந்து கிடைக்க வேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை பட்டணத்துக்குப் போனதும் நின்றுபோகும் கணக்கு, கணக்கே அல்ல. படம் பார்த்துத் தொடவும், வாயால் சொல்லிப் பதியவும், சிக்னல் இல்லாத தோப்பில் எழுதி வீட்டுக்கு வந்ததும் சேர்க்கவும் வசதி இருக்க வேண்டும்.

இரண்டாவது உடைமை. 2013-ல் அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனி, வயல் விவரங்களைத் திரட்டும் கிளைமேட் கார்ப்பரேஷனை ஏறத்தாழ 93 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் மான்சான்டோவையே ஜெர்மனியின் பேயர் வாங்கியது. விதையும் மருந்தும் விற்கிற கம்பெனிகள் விவசாயியின் கணக்கு ஏட்டுக்கு இவ்வளவு விலை கொடுப்பது தரும காரியத்துக்காக அல்ல. அங்குள்ள விவசாயிகள் சங்கங்கள் விழித்துக்கொண்டு, வயல் விவரம் விவசாயிக்கே சொந்தம் என்ற கொள்கையை 2014-ல் கம்பெனிகளை ஒப்புக்கொள்ள வைத்தன. ஐரோப்பாவிலும் 2018-ல் இதுபோன்ற நடத்தை விதி வந்தது. இங்கே ஒவ்வொரு விவசாயியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. செயலியை நிறுத்தினால், எழுதிய கணக்கு முழுவதையும் ஒரு பிரதியாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் அது ஏடு அல்ல, வலை. 'ஃபார்ம் ஓ.எஸ்.', கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லைட் ஃபார்ம்' போன்ற திறந்த மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. அவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் நம் பயிருக்கு ஏற்றவாறு மாற்றுவதற்குத் தடையேதுமில்லை.

மூன்றாவது அளவு. நூறு ஏக்கர் பண்ணைக்குச் செய்த மென்பொருள் முப்பது கேள்வி கேட்கும். இரண்டு ஏக்கர் குடும்பத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்தான் உண்டு. பணம் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், மாட்டுக்கோ மரத்துக்கோ இன்று என்ன செய்தது: இந்த நான்கு போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதாதா என்று சிலர் கேட்கலாம். முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் நோட்டில் எழுதும் பழக்கம் இல்லாத வீட்டில் செயலியும் பத்து நாளில் தூங்கிவிடும். பழக்கம் வந்த பிறகு, கூட்டவும் ஒப்பிடவும் நினைவூட்டவும் கம்ப்யூட்டரைக் கூப்பிடலாம். கணக்கு வெளிப்பட்டால் கடன்காரனும் அரசாங்கமும் தெரிந்துகொள்வார்களே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. நிலமும் பயிரும் மாடும் பாலும் ஏற்கெனவே அவர்கள் ஏட்டில் இருக்கின்றன. விவசாயிக்கு மட்டும் தெரியாமல் இருப்பது விவசாயியின் கணக்குதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பாரும் உண்டு. மாம்பழ விலையை மென்பொருள் ஏற்றிவிடாது, மழையையும் கொண்டுவராது, அது உண்மையே. ஆனால் எந்தச் சுரைக்கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு நடலாம் என்பதை ஏடுதான் சொல்லும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 2020-ல் ரைத்து பரோசா கேந்திரம் என்று தொடங்கி, இப்போது ரைத்து சேவா கேந்திரம் என்று வழங்கும் கிராம மையங்கள் இருக்கின்றன. அங்கே உள்ள ஊழியர் விவசாயியின் விவரத்தை வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காமல், அதன் ஒரு பிரதியை விவசாயியின் ஏட்டிலும் ஏற்றித் தர வேண்டும். இ-கிராப் பதிவும், மாட்டு வில்லையின் விவரமும், பால் சீட்டும் வீட்டுக் கணக்கில் தாமாக வந்து சேருமானால் எழுதும் சுமை பாதியாகும். திருப்பதி வேளாண் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் கிராமத்தில் தங்கி ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் பழக்கிவிட்டால், குடும்பத்துக்கும் பாடம், மாணவருக்கும் பாடம். எல்லையோரக் கிராமங்களில் இவை தமிழிலும் நடக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

காணிப்பாக்கத்தில் இன்றும் வழக்கு வாய்ப்பட்டவர்கள் விநாயகர் முன் பிரமாணம் செய்ய வருகிறார்கள். பங்காளிக்குப் பங்காளி, கொடுத்தவருக்கு வாங்கியவர் என்று சத்தியத்தின் மேல் எத்தனையோ தகராறுகள் அங்கே தீர்ந்திருக்கின்றன. எழுத்தில் இல்லாத கணக்குக்கே சத்தியம் தேவைப்படுகிறது. ஆலைக்காரரிடமும் அதிகாரியிடமும் பேசப்போகும் விவசாயிக்கு அங்கே பிரமாணம் உதவாது. தேதியிட்ட ஏடுதான் உதவும். அடுத்த மாம்பழப் பருவம் வருவதற்குள், இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் ஏடு, நோட்டிலோ கைப்பேசியிலோ, திறக்கப்பட்டிருக்க வேண்டும். உழக்கு மிஞ்சுகிறதா இல்லையா என்பதை முதலில் அறிய வேண்டியவர் உழுகிறவரே.